ராணிக்கெட் மலையிலிருந்து நம் வீட்டுப் பஞ்சாரம் வரை



ஒரு வீட்டில் ஆடு மாட்டுக் கணக்கு பெரும்பாலும் ஆண்பிள்ளைகளிடம் இருக்கும். கோழிக் கணக்கு மட்டும் தாய்மார்களிடம்தான். எந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, எத்தனை குஞ்சு பொரித்தது, பருந்து தூக்கியது எத்தனை, எந்தச் சேவலைத் திருவிழாவுக்கு விற்கலாம் என்பதெல்லாம் அவர்கள் மனக்கணக்கில் இருக்கும். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், பேருந்துக் காசு, திடீரென்று வந்து நிற்கும் சம்பந்தி வீட்டாருக்குக் குழம்பு என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பத்துக் கோழிதான் கை கொடுக்கும்.

இந்தக் கணக்கு ஒரே வாரத்தில் கலைந்து போவதும் உண்டு. மார்கழிப் பனி கழிந்து வெயில் ஏறுகிற சமயம் ஒரு கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும். கொக்கைத் திறந்து வைத்த மாதிரி வாய் பிளந்து மூச்சு வாங்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். இரண்டு நாள் தாக்குப்பிடித்தது கழுத்தைத் திருகிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றும், அல்லது காலும் இறக்கையும் விழுந்து கிடக்கும். நாலாம் நாள் பஞ்சாரத்தைத் தூக்கினால் எழுந்து வருவது ஒன்றோ இரண்டோதான். "கோழிச்சீக்கு வந்திருச்சுக்கா, தெருவே காலி" என்று பக்கத்து வீட்டிலிருந்தும் குரல் வரும்.

இதைத்தான் வெள்ளைக்கழிச்சல் என்கிறோம். கால்நடை மருத்துவமனையில் ராணிக்கெட் நோய் என்பார்கள். இந்த நோய் எங்கிருந்து வந்தது, அதற்கு மருந்து எப்படிப் பிறந்தது, பிறந்த மருந்து நம் புறக்கடைக்கு வந்து சேர ஏன் இத்தனை காலம் பிடித்தது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். வைத்தியத்தைச் சொல்லாமல் கதை சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம். ஊசி போட்டும் கோழி ஏன் செத்தது, புழு மருந்தை ஏன் முதலில் கொடுக்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் இந்தக் கதைக்குள்ளேதான் இருக்கிறது.

வெள்ளைக்கழிச்சல் நம் பாட்டன் முப்பாட்டன் காலத்து நோய் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், இது தனி நோய் என்று ஏட்டில் ஏறி இன்னும் நூறு ஆண்டுதான் ஆகிறது. 1926-ம் ஆண்டு ஜாவாத் தீவில் கோழிகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. அதே ஆண்டு, கடல் கடந்து வெகு தூரத்தில், இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பக்கமும் இதே கதை. நியூகாசில் ஒரு துறைமுக ஊர். கீழ்த்திசையிலிருந்து வந்த கப்பலில் நோய் ஏறி வந்திருக்கலாம் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். டாயில் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை ஆராய்ந்து 1927-ல் எழுதினார். அதுவரை கோழிக்குக் கொள்ளைநோய் என்று ஒன்றைத்தான் ஐரோப்பாவில் அறிந்திருந்தார்கள். அதிலிருந்து பிழைத்த கோழிக்கு இந்தப் புதுக் கிருமியைக் கொடுத்தால் அது சாகிறது, இதிலிருந்து பிழைத்ததற்கு அதைக் கொடுத்தாலும் சாகிறது. ஆகவே இரண்டும் வேறு வேறு என்று அவர் காட்டினார். அந்தப் பழைய கொள்ளைநோய்தான் இன்று நாம் பறவைக் காய்ச்சல் என்று சொல்வது. இந்த வித்தியாசம் இன்றைக்கும் முக்கியம். ஊரில் கோழிகள் மொத்தமாகச் செத்தால் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பரிசோதனை வேண்டும். அதனால்தான் கால்நடை மருத்துவரிடம் தகவல் சொல்லுங்கள் என்று வற்புறுத்துகிறார்கள்.

புது நோய்க்கு டாயில் தற்காலிகமாக ஊர்ப் பெயரையே வைத்தார். தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது! வெளிநாட்டார் இன்றும் நியூகாசில் நோய் என்றே சொல்கிறார்கள்.

நம் நாட்டில் இது கண்டறியப்பட்டது இமயமலை அடுக்கில், குமாவோன் பகுதியில் இருக்கிற ராணிக்கெட் என்ற ஊரில். வெள்ளைக்காரப் பட்டாளம் வெயிலுக்கு ஒதுங்கித் தங்கிய குளுகுளு மலையூர் அது. அங்கே பரவிய நோயைப் பற்றி எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1928-ல் அறிவித்தார். ராணிக்கேத் என்றால் 'ராணியின் வயல்' என்று அர்த்தம். அழகான பெயர்; பாவம், அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள், நாடு முழுவதும் கோழி செத்தால் அவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்கிறோம்.

எட்வர்ட்ஸ் வேலை பார்த்த இடம் ராணிக்கெட்டுக்குப் பக்கத்து மலையில் உள்ள முக்தேசுவரம். அங்கே 1890-களிலேயே ஒரு ஆராய்ச்சிக்கூடம் வந்துவிட்டது. மாட்டைக் கொல்லும் வெக்கை நோய்க்கு மருந்து தேடத்தான் அதை வைத்தார்கள். கிருமி தப்பித்து ஊருக்குள் போய்விடக் கூடாது என்றுதான் ஏழாயிரம் அடிக்கு மேலே, காட்டுக்குள் கொண்டுபோய் வைத்தது. மாட்டுக்காக வைத்த கூடத்தில்தான் கோழிக்கும் வழி பிறந்தது.

எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் என்ற மிக நுண்ணிய கிருமியால் வருவது. இந்த ரகக் கிருமி உயிருள்ள பொருளில்தான் வளரும். சட்டியில் சாறு ஊற்றி வளர்க்க முடியாது. 1931-ல் அமெரிக்காவில் குட்பாஸ்டர், உட்ரஃப் என்ற இரண்டு பேர் கருக்கொண்ட கோழிமுட்டைக்குள் கோழியம்மைக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். குஞ்சு உருவாகிக்கொண்டிருக்கும் முட்டையின் ஓட்டில் சின்னத் துளை போட்டு, கிருமியை உள்ளே செலுத்தி, துளையை மூடி, மறுபடியும் அடைச்சூட்டிலேயே வைத்துவிடுவது. வைரஸ் ஆராய்ச்சிக்கே இதனால் புது வாசல் திறந்தது. மனிதருக்குப் போடும் இன்ஃபுளுயன்சா தடுப்பூசியில் பெரும்பங்கு இன்றைக்கும் கோழிமுட்டையில்தான் தயாராகிறது.

முக்தேசுவரத்தில் ஹாடோ, இத்னானி என்ற இருவர் 1940-களில் இந்த வழியைக் கையாண்டார்கள். நோய்க்கிருமியை ஒரு முட்டையிலிருந்து எடுத்து இன்னொரு முட்டைக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்தார்கள். இப்படி வளர வளர அதன் கொல்லும் குணம் தணிந்தது. ஆனால், கோழியின் உடம்பு "இது இன்னான்" என்று அடையாளம் தெரிந்துகொள்ளும் அளவுக்கு உயிர் மிச்சம் இருந்தது. அப்படிப் பழக்கிய கிருமிதான் தடுப்பூசி. முக்தேசுவர ரகம் என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்ற இதை நம் நாட்டில் ஆர்-டூ-பி என்கிறார்கள். ஊசி போட்ட கோழிக்கு நல்ல பலமான, நாள்பட நிற்கும் பாதுகாப்பு கிடைத்தது.

ஒரு சங்கடம் உண்டு. தணிந்த கிருமி என்றாலும் இதற்குப் பல் முழுக்கப் போய்விடவில்லை. இளங்குஞ்சுக்குப் போட்டால் கால் விழுந்துவிடும், சாகவும் சாகும். அதனால்தான் எட்டு வாரம் ஆன பிறகே இறக்கையின் தோலுக்கடியில் இந்த ஊசியைப் போடுகிறார்கள். அதுவரை குஞ்சுக்கு என்ன வழி? இங்கிலாந்தில் ஆஸ்ப்ளின் என்பவர் எஃப் ரகம் என்று ஒரு மிக மென்மையான கிருமியைப் பற்றி 1952-ல் எழுதினார். முதல் வாரத்திலேயே கண்ணிலும் மூக்கிலும் சொட்டு விடும் மருந்து அதிலிருந்து வந்தது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் லசோட்டா என்பவரின் பண்ணையில் 1946-ல் கிடைத்த இன்னொரு ரகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பண்ணைக்கோழி வளர்ப்போர் கடையில் போய் "லசோட்டா கொடுங்க" என்று கேட்பது ஒரு விவசாயியின் பெயரைத்தான்.

நம் மாநிலத்தில் இந்தத் தடுப்பு மருந்து தயாராகும் இடம் ராணிப்பேட்டை. 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அங்கேதான் நடக்கிறது. தேசிங்கு ராஜனின் ராணி நினைவாக அந்த ஊருக்குப் பெயர் வந்தது என்பார்கள். நோய்க்கும் ராணி பெயர், மருந்துக்கும் ராணி பெயர்!

சரி, 1940-களிலேயே மருந்து வந்துவிட்டது, பிறகு ஏன் புறக்கடைக் கோழி வருஷா வருஷம் செத்துக்கொண்டிருந்தது? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் குப்பியைக் கொஞ்சம் மனதில் நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது உயிருள்ள கிருமி, உறையவைத்து உலர்த்திய பொடியாக. வெயில் பட்டால் செத்துப்போகும். தயாரித்த இடத்திலிருந்து போடும் இடம் வரை பனிக்கட்டியிலேயே வர வேண்டும். கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். குப்பிக்கு நூறு கோழி, இருநூறு கோழி அளவு. உங்கள் வீட்டில் இருப்பதோ பன்னிரண்டு. ஆயிரம் கோழி வைத்திருக்கும் பண்ணைக்கு இது ஒரு சிரமமே இல்லை. குளிர்பெட்டி இருக்கிறது, கோழி கூண்டில் இருக்கிறது, ஆள் இருக்கிறது. நம் கோழியோ விடிந்ததும் குப்பைமேட்டில், பொழுது சாய்ந்தால் முருங்கை மரத்தில். பத்து வீட்டுக் கோழியையும் ஒரே காலையில் பிடித்துக் கொண்டுவந்தால்தான் ஒரு குப்பி செலவாகும். கரண்டு இல்லாத ஊர், பேருந்து போகாத ஊர் என்றால் பனிக்கட்டி பாதி வழியிலேயே தண்ணீராகிவிடும். மருந்து என்னவோ நல்ல மருந்துதான். பண்ணைக்கு ஏற்ற வடிவத்தில் செய்த சட்டையைப் புறக்கடைக்கு மாட்டினார்கள், அது பொருந்தவில்லை.

இதைவிடப் பெரிய கெட்ட பெயர் ஒன்று தடுப்பூசிக்கு வந்தது. "ஊசி போட்டாங்க, அதனாலதான் செத்துச்சு" என்று பல ஊரில் சொல்வார்கள். இதைச் சொல்கிறவர்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிடுவது தவறு. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். நடந்தது என்ன? பெரும்பாலும் பக்கத்துத் தெருவில் சீக்கு வந்த பிறகுதான் ஊசி ஞாபகம் வருகிறது. அதற்குள் கிருமி நம் கோழிக்குள் நுழைந்திருக்கும், வெளியே தெரியாது. ஊசி போட்டு மூன்று நாளில் கோழி சாய்ந்தால் பழி ஊசி மேல் விழும். தடுப்பூசி பாதுகாப்புக் கொடுக்க ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். அது வருமுன் காப்பது, வந்த பின் தீர்ப்பது அதன் வேலை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு: ஊசி போட்ட கோழி ஏற்கனவே புழுவால் இளைத்துக் கிடந்த கோழி. அதன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி எழும்ப ஆதாரம் இல்லை. கொஞ்சம் பல் உள்ள ஆர்-டூ-பி ஊசியையே தாங்காமல் அது சோர்ந்துவிடும்.

ஆகவே புழுவின் கதையையும் பார்த்துவிடுவோம். இதுவும் சுவையான கதைதான்.

நாட்டுக்கோழிக் குடலில் முக்கியமாக இரண்டு வகைப் புழு. ஒன்று விரல் நீளத்துக்கு வெள்ளையாக இருக்கும் உருண்டைப்புழு. அதன் முட்டை எச்சத்தோடு விழுந்து, ஈர மண்ணில் இரண்டு வாரம் கிடந்து பக்குவமாகி, இன்னொரு கோழி கொத்தும்போது உள்ளே போகும். மற்றது நாடாப்புழு. இது நேரே தொற்றாது. எறும்பு, ஈ, வண்டு ஆகியவற்றின் வயிற்றில் தங்கி, அந்தப் பூச்சியைக் கோழி தின்னும்போது வரும். மேய்ச்சல் கோழிக்குப் பூச்சிதானே பலகாரம்! அதனால் நாடாப்புழு அதற்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் ஆக்கர்ட் என்ற பேராசிரியர் 1920-களிலிருந்து பல ஆண்டு இந்த உருண்டைப்புழுவையே ஆராய்ந்தார். ஒரே அளவு புழு முட்டையைக் குஞ்சுக்கும் வளர்ந்த கோழிக்கும் கொடுத்துப் பார்த்தார். குஞ்சு வாடியது, மூன்று மாதம் தாண்டிய கோழி சமாளித்தது. வைட்டமின் ஏ குறைந்த தீவனம் தின்ற குஞ்சில் புழு அதிகமாகத் தங்கி நன்றாக வளர்ந்தது. கீரைத் தழை, குதிரைமசால், மஞ்சள் மக்காச்சோளம் இதையெல்லாம் குஞ்சுக்குப் போடுங்கள் என்று சொல்வதில் இப்படி ஒரு பழைய ஆராய்ச்சியும் இருக்கிறது.

மருந்து விஷயத்துக்கு வருவோம். 1916-ல் கலிபோர்னியாவில் ஹெர்ம்ஸ், பீச் என்ற இருவர் சொன்ன வைத்தியம் புகையிலை. புகையிலைக் காம்பை நறுக்கி ஊறவைத்துத் தீவனத்தில் பிசைந்து வைப்பது. உருண்டைப்புழு கொஞ்சம் இறங்கியது. ஆனால், புழுவைக் கொல்லும் அளவுக்கும் கோழியைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறைவு. நம் ஊரிலும் சிலர் இன்னும் புகையிலைத் தண்ணீர் கொடுப்பதுண்டு. வேண்டாம், விட்டுவிடுங்கள். நாடாப்புழுவுக்கு அமெரிக்கர்கள் நம் நாட்டுச் சரக்கையே எடுத்துப் பார்த்தார்கள். நம் மலைகளில் விளையும் கபில மரத்தின் காய் மேல் படிந்திருக்கும் செந்தூள், பட்டுக்குச் சாயம் ஏற்றுவது, சித்த வைத்தியத்தில் கபிலப்பொடி. 1926-ல் ஹால், ஷில்லிங்கர் என்ற இருவர் அது கோழியின் நாடாப்புழுவுக்கு நல்ல மருந்து என்று எழுதினார்கள். கொஞ்ச காலம் அங்கே அது கொடிகட்டிப் பறந்தது. பிறகு பார்த்தால் புழு போனதோடு முட்டையும் குறைந்தது. மெல்ல மெல்லக் கைவிட்டார்கள்.

திருப்பம் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. பைப்பரசின் என்று ஒரு மருந்து. அதை முதலில் மனிதனின் மூட்டுவாத உப்பைக் கரைக்கும் என்று நம்பிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொடுத்து வந்தார்கள். உப்பு கரைந்ததாகத் தெரியவில்லை. 1949-ல் பிரான்சில் அதற்குப் புழுவை வெளியேற்றும் குணம் இருப்பது தெரியவந்தது. இது புழுவைக் கொல்வதில்லை. அதன் தசையை மரத்துப்போகச் செய்யும், குடலைப் பிடித்து நிற்க முடியாமல் எச்சத்தோடு போய்விடும். தண்ணீரில் கலந்து கொடுக்கலாம், விலையும் குறைவு. 1950-களிலிருந்து கோழி வளர்ப்போர் கையில் முதல் மருந்தாக இருந்தது இதுதான். நாடாப்புழுவை மட்டும் இது அசைக்காது. "புழு மருந்து கொடுத்தேனே, இன்னும் எச்சத்தில் அரிசி மாதிரி விழுதே" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். அரிசி மாதிரி விழுவது நாடாப்புழுவின் துண்டு, அதற்கு வேறு மருந்து.

அடுத்த மருந்தைக் காட்டிக் கொடுத்ததே கோழிதான். 1960-களில் பெல்ஜியம் நாட்டில் யான்சன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆயிரக்கணக்கான ரசாயனப் பொருள்களைப் புழு உள்ள பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பொருள் கோழியின் புழுவை வெளியேற்றியது, எலியில் ஒன்றும் செய்யவில்லை. வேறு ஆளாக இருந்தால் தள்ளிவிட்டிருப்பார். இவர்கள் ஏன் என்று தோண்டினார்கள். கோழியின் உடம்புக்குள் போனதும் அது வேறு பொருளாக மாறுகிறது, மாறிய பொருள்தான் புழுவை அடிக்கிறது என்று தெரிந்தது. அந்த வழியைப் பிடித்துப் போய்ச் செய்ததுதான் 1966-ல் வெளியான டெட்ரமிசோல். அதன் ஒரு பாதியான லெவமிசோல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வந்தது, மனிதக் குழந்தைகளின் குடற்புழுவுக்கும் வந்தது. எலியை மட்டும் நம்பியிருந்தால் அந்த மருந்து கைநழுவியிருக்கும். ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல் போன்றவை 1970-களில் வந்தவை. எதை, எந்த எடைக்கு எவ்வளவு, முட்டையை எத்தனை நாள் தின்னாமல் ஒதுக்க வேண்டும் என்பதை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். பக்கத்து வீட்டில் மாட்டுக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துப் போடுகிற பழக்கம் ஆபத்து.

ஆக, முதலில் புழுநீக்கம், ஒரு வாரம் கழித்துத் தடுப்பூசி. இந்த வரிசை ஏன் என்று இப்போது விளங்கியிருக்கும்.

இனி, பொருந்தாத சட்டையின் கதைக்குத் திரும்புவோம். 1966-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சிம்மன்ஸ் என்பவர் நல்ல ஆரோக்கியமான கோழியின் உடம்பிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். வெள்ளைக்கழிச்சல் கிருமியின் பங்காளிதான், ஆனால் யாரையும் ஒன்றும் செய்யாத சாது. வி-4 என்று பெயர். அதற்கு ஒரு விசேஷம், மற்ற ரகங்களைவிட வெப்பம் தாங்கும். கோழிக்குக் கோழி தானாகவும் பரவும். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஸ்பிராட்பிரோ என்ற பேராசிரியர் இதைக் கிராமத்துக் கோழிக்கு ஏன் தீவனத்திலேயே கலந்து போடக் கூடாது என்று யோசித்தார். கோழியைப் பிடிக்க வேண்டாம், ஊசி வேண்டாம், வீட்டுக்காரம்மா தானியம் இறைப்பது போல இறைத்தால் போதும் அல்லவா? 1980-களில் ஆஸ்திரேலியாவும் மலேசியாவும் சேர்ந்து இதைச் சோதித்தன. இலங்கையில் பதப்படுத்திய அரிசியில் வி-4 மருந்தை ஏற்றிக் கோழிகளுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு 1990-ல் வெளியானது.

தீவன மருந்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பச்சைத் தானியத்தில் சிலவற்றின் மேல் தடவினால் கிருமி செயலிழந்துவிடுகிறது. எந்த ஊரில் எந்தத் தானியம், அதை எப்படிப் பக்குவம் செய்வது என்று இடத்துக்கு இடம் பார்க்க வேண்டியிருந்தது. கொத்தாத கோழிக்கு மருந்தும் இல்லை என்பது இன்னொரு குறை. அதனால் 1990-களில் அதே பல்கலைக்கழகத்தில் ஐ-2 என்ற மற்றொரு வெப்பம் தாங்கும் ரகத்தை உருவாக்கி, ஏழை நாடுகள் தாங்களே தயாரித்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தார்கள். உலர்த்திய நிலையில் இருட்டில் வைத்தால் 28 டிகிரி சூட்டில் எட்டு வாரம் தாங்கும் மருந்து அது. கண்ணில் ஒரு சொட்டு, நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் கிராமத்துப் பெண்களே பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொட்டு விட்டார்கள். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தீவனம் போலவே கொத்தித் தின்னும் குருணை மருந்தை நாட்டுக்கோழிக்காக உருவாக்கியிருக்கிறது. முக்தேசுவரத்து முட்டையிலிருந்து நம் முற்றத்துக் குருணைக்கு வர அரை நூற்றாண்டுக்கும் மேலாகியிருக்கிறது.

சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிற கைவைத்தியத்தைப் பற்றிக் கேட்பீர்கள். கொடுங்கள், தடையில்லை. சோர்ந்த கோழிக்கு அது தெம்பு. ஆனால், வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்ட பிறகு கிருமியையே ஒழிக்கும் மருந்து அலோபதியிலும் இல்லை. நோய் கண்ட கோழியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோவதும், உறவுக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும்தான் ஊர் ஊராகச் சீக்கைச் சுமந்துபோகிற வண்டி. நட்டத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று செய்வதுதான், புரிகிறது. ஆனால், அடுத்த ஊரில் காலியாவதும் ஒரு தாயின் பஞ்சாரம்தான். செத்ததைக் குளத்தில் எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

நம் கால்நடைப் பராமரிப்புத் துறை பல ஆண்டுகளாகப் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தி வருகிறது. வெயில் ஏறி நோய் தலைதூக்குமுன் போட வேண்டும் என்பதுதான் கணக்கு. முகாம் தேதி தெரிந்ததும் ஒரு வாரம் முன்னதாகப் புழு மருந்து கொடுத்துவிடுங்கள். தெருவில் பத்து வீட்டாரும் பேசி வைத்துக்கொண்டால் ஒரு குப்பியும் வீணாகாது. முந்தின இரவே மரத்தில் ஏறியதைப் பிடித்துப் பஞ்சாரத்தில் அடைத்து, காலையில் திறக்காமல் அப்படியே வைத்திருங்கள். ஆள் வந்து ஊசி போட்ட பிறகு திறந்துவிடலாம். எட்டு வாரம் ஆகாத குஞ்சுகளைத் தனியே காட்டி, சொட்டு மருந்து கேளுங்கள். முகாமைத் தவறவிட்டவர்கள், இடையில் பொரித்த குஞ்சு வைத்திருப்பவர்கள், மற்ற மாதங்களில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள்.

கோழியைப் பிடித்துக் கொடுக்கிறவர்கள் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதுவரை கண்ணைக் கசக்காதீர்கள். இந்தக் கிருமி மனிதர் கண்ணில் பட்டால் சில நாள் கண் சிவந்து நீர் வடியும் என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெட் 1943-லேயே எழுதியிருக்கிறார். தானாகச் சரியாகிவிடும் என்றாலும், ஊசி போட்ட மறுநாள் கண் சிவந்தால் அதற்கும் ஊரில் ஒரு கதை கட்டிவிடுவார்கள்!